வேட்பாளர்களின் அறிவியல், சுகாதார, தொழில்நுட்ப நிலைப்பாடுகளை எப்படிக் கேட்டு அறிவது?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிறியதொரு வாசிப்பு வட்டத்தினர். வரவிருக்கும் தேர்தலில் போட்டியிடும் நான்கு வேட்பாளர்களுக்கும் அறிவியல், பொதுச் சுகாதாரம், தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைகளைப் பற்றி ஒரே வினாப்பட்டியலை அனுப்பி, வரும் விடைகளை ஒரு சொல்லும் மாற்றாமல் அருகருகே அச்சிட்டு வாக்காளர்களிடம் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.

முன்னேற்பாடாக, நால்வரின் தேர்தல் அறிக்கைகளையும் படித்து ஓர் அட்டவணை தயாரித்தோம். அறிவியல் என்ற தலைப்பின் கீழ் நால்வருமே ‘ஆராய்ச்சிக்கு முன்னுரிமை’ என்கிறார்கள். சுகாதாரத்தில் நால்வருமே புதிய மருத்துவமனைகளைக் கட்டுவதாகச் சொல்கிறார்கள். தொழில்நுட்பத்தில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் நான்கு அறிக்கைகளிலும் வருகிறது. அதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது ஒன்றில்கூட இல்லை. பெயர்களை மறைத்துவிட்டால் எந்தப் பத்தி யாருடையது என்று அட்டவணையைத் தயாரித்த எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

நாங்கள் எழுதிவைத்திருக்கும் பதினொரு கேள்விகளும் ஏறக்குறைய ‘ஆதரிக்கிறீர்களா?’ என்றே முடிகின்றன. இவற்றுக்கு யாரும் ‘இல்லை’ என்று எழுதப்போவதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே எனக்கு இரண்டு ஐயங்கள். வேறுபாடு வெளிப்படும்படியாகக் கேள்வியை எப்படி அமைப்பது? அப்படியே விடை வந்தாலும், பதவிக்கு வந்தபின் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அந்த விடை எவ்வளவு தூரம் சான்றாகும்?

மறுமொழி 1: அளவுகோல்

நீங்கள் செய்ய முனைவதைப் பெரிய அளவில் செய்து பார்த்த முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2008 அதிபர் தேர்தலின்போது, வேட்பாளர்கள் அறிவியல் கொள்கையைப் பற்றித் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும் என்று விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் சேர்ந்து ‘சயின்ஸ் டிபேட்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். விவாதம் நடக்கவில்லை. ஆனால் 14 கேள்விகளுக்கு ஒபாமாவும் மெக்கெய்னும் எழுத்தில் விடையளித்தார்கள். 2012இல் மீண்டும் 14 கேள்விகள். 2016இல் அது 20 ஆனது.

அந்த விடைகளைப் படித்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். ஒன்று, அவை வேட்பாளரின் கையால் எழுதப்பட்டவை அல்ல, ஆலோசகர்கள் எழுதித் தந்தவை என்பது நடையிலேயே தெரியும். இதைக் குறையாக மட்டும் நினைக்க வேண்டாம். யாரை ஆலோசகராக வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் ஒரு செய்திதானே. இரண்டாவது, வேறுபாடு இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லாமல் போவதும் உண்டு. கருமுளையிலிருந்து பெறப்படும் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கூட்டாட்சி நிதி வழங்குவதை அப்போதைய அதிபர் புஷ் 2001 ஆகஸ்டில் கட்டுப்படுத்தினார். அதைத் தளர்த்துவதற்காக வந்த மசோதாவை 2006இல் தமது முதல் மறுப்பாணையால் நிறுத்தினார். அதே கட்சியைச் சேர்ந்த மெக்கெய்னோ 2008இல் அந்த ஆராய்ச்சிக்கான கூட்டாட்சி நிதியை ஆதரிப்பதாக எழுதினார். கட்சியின் பெயரைப் பார்த்து விடையை ஊகித்திருந்தால் தவறியிருப்போம்.

கேள்வியை அமைப்பதற்கு என் யோசனை இதுதான். உண்மையைப் பற்றிய கேள்வியையும் விழுமியத்தைப் பற்றிய கேள்வியையும் கலக்காதீர்கள். தடுப்பூசி நோயைத் தடுக்கிறதா என்பது முதல் வகை. அதற்கு விடை வேட்பாளரிடம் இல்லை, ஆய்வுகளில் இருக்கிறது. தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்பது இரண்டாம் வகை. இங்கே நேர்மையான இருவர் வேறுபடலாம். முதல் வகையில் வேட்பாளர் ஆய்வுமுடிவை ஏற்கிறாரா என்று மட்டும் சோதித்துவிட்டு, உங்கள் தாளின் பெரும்பகுதியை இரண்டாம் வகைக்கு ஒதுக்குங்கள். வேறுபாடு அங்கேதான் வெளிப்படும்.

மறுமொழி 2: பொதுநலன்

பல ஆண்டுகள் பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்தவன் என்ற முறையில், இளவேனில் எழுப்பிய இரண்டாவது ஐயத்துக்கு விடை சொல்ல முயல்கிறேன். எழுத்தில் தரும் விடை ஓரளவுக்கே சான்றாகும். அதைவிட வலுவான சான்று, தாம் விரும்பிய ஒன்றுக்கு ஓர் ஒழுங்குமுறை அமைப்பு ‘கூடாது’ என்று சொன்னபோது அந்த வேட்பாளர் முன்பு என்ன செய்தார் என்பதே.

தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் தாபோ உம்பெக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. கிருமியே காரணம் என்பதை அவர் வெளிப்படையாக ஐயுற்றதும், மறுப்பாளர்களையும் மருத்துவ அறிஞர்களையும் ஒரே குழுவில் அமர்த்தியதும் 2000ஆம் ஆண்டில். எய்ட்ஸ் சிகிச்சைக்கான ஏ.இசட்.டி. மருந்து நச்சுத்தன்மை உடையது என்று அவர் நாடாளுமன்றத்தில் எச்சரித்தது 1999 அக்டோபரில், அதாவது அதிபராகி நான்கு மாதங்களுக்குப் பிறகு. இவற்றில் எதுவும் வாக்களித்த நாளில் வாக்காளரின் கண்முன் இல்லை. ஆனால் அறிகுறி இருந்தது. 1997இல், அவர் துணை அதிபராக இருந்தபோது, ‘வைரோடீன்’ என்ற பெயரில் எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் அமைச்சரவை முன்பே வந்து விளக்கினார்கள். அதில் இருந்தது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பான். மனிதர்களிடம் சோதிக்க மருந்துக் கட்டுப்பாட்டு மன்றம் அனுமதி மறுத்தது. உம்பெக்கி அந்த ஆய்வாளர்களின் பக்கம் நின்று மன்றத்தைச் சாடினார். அடுத்த ஆண்டே மன்றத்தின் தலைவர் பதவியிழந்தார்.

பின்னர் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. எய்ட்ஸ் மருந்துகள் மக்களுக்குக் கிடைப்பது தாமதமானதால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். உம்பெக்கி படிப்பறிவு இல்லாதவர் அல்லர். பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், இரவெல்லாம் விழித்துப் படிப்பவர் என்று பெயர் எடுத்தவர். அதனால்தான் ‘வேட்பாளருக்கு அறிவியலில் ஆர்வம் உண்டா’ என்ற கேள்வி எனக்குப் பயனற்றதாகத் தோன்றுகிறது. ஆர்வம் அவருக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. நிபுணர் அமைப்பின் ‘கூடாது’ என்ற சொல்லுக்குக் கட்டுப்படும் பழக்கம்தான் இல்லை.

இன்னொன்று. சுகாதாரக் கொள்கையைச் சுகாதாரம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடாதீர்கள். பிரிட்டனில் குளிர்பானங்களில் உள்ள சர்க்கரைக்கு வரி விதிக்கப்போவதாக 2016 மார்ச்சில் அறிவித்தவர் நிதியமைச்சர். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் ஒரு விகிதம், 8 கிராமுக்கு மேல் அதைவிட உயர்ந்த விகிதம் என்று வகுத்து, நடைமுறைக்கு வர இரண்டாண்டு அவகாசமும் கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில் வரி வருவதற்குள் பல நிறுவனங்கள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. வேட்பாளர்கள் எல்லோரும் மருத்துவமனை கட்டுவதாகச் சொல்கிறார்கள் என்றீர்கள். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். வராமல் போன நோய்க்கு யாரும் திறப்பு விழா நடத்த முடியாது. ஆகவே நோய்த்தடுப்பைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

மறுமொழி 3: வரவுசெலவு

‘ஆராய்ச்சிக்கு முன்னுரிமை’ என்ற தொடரைக் கண்டதும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்பேன். யாருடைய பணம்? எந்த ஆண்டு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்கள் 2002 மார்ச்சில் பார்சிலோனாவில் கூடி, ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடும் தொகையை 2010க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காடாக உயர்த்துவதென்று இலக்கு வைத்தார்கள். 2010 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. அதே 3 விழுக்காட்டை 2020க்கு என்று மாற்றி எழுதினார்கள், அப்போதும் எட்டப்படவில்லை. இதைத் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த இலக்குக்குள்ளேயே ஒரு நுட்பம் இருந்தது: மூன்றில் இரண்டு பங்கு தனியார் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்பது. அதாவது, வாக்குறுதி கொடுத்தவர்களின் கையில் இருந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உங்கள் வேட்பாளர் விழுக்காட்டுக் கணக்கில் பேசினால், அதில் அரசின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். விழுக்காட்டைச் சொல்வதில் இன்னொரு வசதியும் உண்டு. பொருளாதாரம் சுருங்கினால் ஒரு காசும் கூட்டாமலேயே விழுக்காடு உயர்ந்துவிடும்.

கட்சிகளின் வாக்குறுதிகளைத் தேர்தலுக்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் நெதர்லாந்தில் 1986 முதல் உண்டு. அரசு சார்ந்த, ஆனால் தன்னிச்சையாக இயங்கும் பொருளாதாரப் பகுப்பாய்வு நிறுவனம் ஒன்று, விரும்பி முன்வரும் கட்சிகளின் அறிக்கைகளை வாங்கிச் செலவு என்ன, விளைவு என்ன என்று ஒரே முறையில் கணக்கிட்டு வெளியிடுகிறது. வெறும் சொல்லைக் கணக்கில் ஏற்ற முடியாதாகையால், கட்சிகள் தம் வாக்குறுதியைத் தொகையாக எழுதியே தீர வேண்டும். மிக நல்ல வழக்கம்தான். ஆனால் அறிவியலைப் பொறுத்தவரை இத்தகைய கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பதவிக்கால அளவுக்குக் கணக்கிட்டால் அடிப்படை ஆராய்ச்சி வெறும் செலவாகத்தான் தெரியும். கொரோனாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிதிறந்த விஞ்ஞானிகள் காரிக்கோ, வைஸ்மன் இருவரின் முக்கியக் கட்டுரை வெளிவந்தது 2005இல். தடுப்பூசி மக்களுக்குக் கிடைத்தது 2020 டிசம்பரில். நோபல் பரிசு 2023இல். இடையில் கழிந்த 15 ஆண்டுகளில் எத்தனை தேர்தல்கள்!

எனவே ‘உயர்த்துவீர்களா’ என்று கேட்பதைவிட, வருவாய் குறைந்த ஆண்டில் எதை வெட்டமாட்டீர்கள் என்று கேளுங்கள். நிதி தாராளமாக இருக்கும்போது எல்லோரும் அறிவியலின் நண்பர்கள்தாம்.

மறுமொழி 4: எதிர்வழக்கு

மேலே எழுதிய மூவருக்கும் பொதுவாக ஓர் எண்ணம் இருப்பதுபோல் படுகிறது: அறிவியல் ஒரு பக்கம் நிற்கிறது, வேட்பாளர் அதன் அருகில் இருக்கிறாரா தொலைவில் இருக்கிறாரா என்று அளந்தால் போதும் என்பது. இதை நான் ஏற்கவில்லை.

ஜெர்மனியின் முன்னாள் ஆட்சித்தலைவர் அங்கெலா மெர்க்கெல் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரது அரசுதான் 2010இல் அணு உலைகளின் ஆயுளை நீட்டித்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த சில நாட்களுக்குள் அதே அரசுதான் பழைய உலைகளை நிறுத்தச் சொல்லி, பின்னர் அணுமின்சாரத்தையே கைவிடும் சட்டத்தையும் கொண்டுவந்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன. இடையில் அணுக்கரு இயற்பியல் மாறிவிட்டதா? இல்லை. எவ்வளவு இடரை ஏற்கலாம் என்ற மதிப்பீடுதான் மாறியது. அவரும் அதை அப்படித்தான் விளக்கினார். சரியோ தவறோ, அது அரசியல் முடிவு. அதை ‘அறிவியலுக்கு ஆதரவு’, ‘அறிவியலுக்கு எதிர்ப்பு’ என்ற அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இளவேனில் வட்டத்தாருக்கு இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விடைகளை அச்சிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ் 2020 அமெரிக்கத் தேர்தலில் பைடனை வெளிப்படையாக ஆதரித்தது. அந்த ஆதரவுச் செய்தியைச் சிலருக்குக் காட்டியும் சிலருக்குக் காட்டாமலும் நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளியானது. செய்தியைப் பார்த்த டிரம்ப் ஆதரவாளர்களிடம் அந்த இதழின் மீதிருந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்தது; கொரோனா பற்றிய தகவலை அதனிடமிருந்து பெறும் விருப்பமும் குறைந்தது. வேட்பாளர்களைப் பற்றிய கருத்தோ ஏறக்குறைய அசையவே இல்லை. ஓர் இதழுக்கே இந்த நிலை என்றால், ஒரு வாசிப்பு வட்டத்தின் நடுவுநிலை எத்தனை நாள் தாங்கும்?

மறுமொழி 5: அளவுகோல்

எதிர்வழக்கு அவர்களின் கண்டனத்தில் பாதியை ஏற்கிறேன். விழுமியக் கேள்விக்குப் பெரும்பகுதியை ஒதுக்கச் சொன்னதே அதனால்தான். ஆனால் பொதுநலன் சொன்ன தென்னாப்பிரிக்கச் செய்தி மெர்க்கெல் செய்தியைப் போன்றதன்று. மெர்க்கெல் இடரைப் பற்றிய தம் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டார், கதிரியக்கம் என்பதே பொய் என்று சொல்லவில்லை. உம்பெக்கி நோய்க்காரணத்தையே மறுத்தார். இரண்டையும் ‘அரசியல் முடிவு’ என்ற ஒரே பெயரில் அடக்கினால், எய்ட்ஸ் மறுப்பும் மற்றொரு கருத்து என்றாகிவிடும். மதிப்பெண் கூடாது என்பதில் முழு உடன்பாடு.

மறுமொழி 6: இளவேனில்

நால்வருக்கும் நன்றி. மதிப்பெண் போடும் எண்ணம் எங்களிடம் இருந்தது, கைவிட்டோம். தொழில்நுட்பம்தான் இன்னும் பிடிபடவில்லை. அறிவியலுக்கு நிதி இருக்கிறது, சுகாதாரத்துக்கு நோய்க்கணக்கு இருக்கிறது. தொழில்நுட்பத்தில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

மறுமொழி 7: நிரலாளன்

சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வேட்பாளர் எந்தத் தொழில்நுட்பத்தைப் புகழ்கிறார் என்பது முக்கியமில்லை. அரசின் கையில் தரவு வந்தபின் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சட்டமாக எழுத ஒப்புகிறாரா என்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் 2020 மார்ச்சில் ‘டிரேஸ்டுகெதர்’ என்ற செயலி வந்தது. கொரோனா தொற்றியவரின் அருகில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டறிவதற்கானது. தொடர்புத் தடங்களைக் கண்டறிவதற்கு மட்டுமே தரவு பயன்படும் என்று பொறுப்பான அமைச்சரே சொன்னார். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அமைச்சர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏற்கெனவே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்ததைத் தாம் கருதிப்பார்க்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டிச் சட்டம் இயற்றினார்கள். வாய்மொழி உறுதியும் ஏற்கெனவே உள்ள சட்டமும் மோதினால் எது நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எனவே ‘தனியுரிமையைப் பாதுகாப்பீர்களா’ என்று கேட்காதீர்கள்.

இரண்டாவதாக, சட்டமன்றத்துக்கு என்று சொந்தமாகத் தொழில்நுட்ப அறிவு இருக்கிறதா என்று கேட்கலாம். அமெரிக்க நாடாளுமன்றம் 1972இல் தனக்கென்று தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை அமைத்துக்கொண்டது. இரு கட்சியினரும் சம அளவில் அமர்ந்த குழு அதை மேற்பார்த்தது. 700க்கும் மேற்பட்ட அறிக்கைகளை அது எழுதியது. செலவைக் குறைக்கிறோம் என்று 1995இல் அதற்கான நிதியை நிறுத்தி மூடினார்கள். அதன் பிறகுதான் இணையம் வீட்டுக்கு வீடு வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. சொந்த நிபுணர் இல்லாத உறுப்பினர், மசோதாவின் நுணுக்கத்தை எந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அந்த நிறுவனத்தின் பிரதிநிதியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள நேரும்.

கடைசியாக ஒன்று: வேட்பாளர் கேட்கும் பதவிக்கு அந்த அதிகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்புக்கான பொது ஒழுங்குமுறை 2018 மே முதல் எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்ற வேட்பாளர் அதைத் தனியாக மாற்றிவிடுவதாகச் சொன்னால், அவர் இல்லாத பொருளை விற்கிறார் என்றே பொருள்.

மறுமொழி 8: இளவேனில்

நேற்று வட்டம் கூடியது. பதினொரு கேள்விகளை நான்காகக் குறைத்துவிட்டோம். சிலருக்கு வருத்தம்தான், குறிப்பாக, விண்வெளியைப் பற்றிய கேள்வியை எழுதியவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போதைய வடிவம் இது:

அரசின் வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், ஆராய்ச்சி, நோய்த்தடுப்பு, மருத்துவமனைக் கட்டுமானம் ஆகிய மூன்றில் எதன் ஒதுக்கீட்டை முதலில் குறைப்பீர்கள், எதைக் கடைசிவரை தொடமாட்டீர்கள்?

நீங்கள் விரும்பிய ஒரு திட்டத்தையோ மருந்தையோ பொருளையோ ஒரு நிபுணர் அமைப்பு மறுத்த நிகழ்வு உங்கள் பொதுவாழ்வில் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

கட்டாயத் தடுப்பூசியை எந்த நோய்க்கு, யாருக்கு, எந்த அளவு வரை ஏற்பீர்கள்?

அரசு திரட்டும் தரவை, திரட்டிய நோக்கத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவருவீர்களா?

நான்காவது கேள்வியில் குறை இருப்பதாகத் தோன்றுகிறது; எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 9: வரவுசெலவு

மற்ற மூன்றும் ‘எது’, ‘என்ன’, ‘எந்த அளவு’ என்று கேட்கின்றன. நான்காவது மட்டும் பழைய ‘ஆதரிக்கிறீர்களா’வின் மறுவடிவம். ‘கொண்டுவருவீர்களா’ என்பதை எடுத்துவிட்டு, ‘காவல்துறை, வரித்துறை, தனியார் நிறுவனம் ஆகியவற்றில் எவற்றுக்கு அந்தத் தரவைக் கொடுக்கலாம், எந்தச் சூழலில், யாருடைய ஆணையின் பேரில்?’ என்று மாற்றிப் பாருங்கள். விண்வெளி நண்பரிடமும் சொல்லுங்கள், அவருடைய கேள்வி முதல் கேள்விக்குள்ளேயே ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் இருக்கிறது.